எந்த ஊர்த் தண்ணீர்

பிரம்மதேசத்துக்கு வெளியே இருந்த அந்தப் பழைய ஓட்டுவீட்டுக்குத் தேவநாதன் வந்து சேர்ந்தபோது நல்ல வெயில். நிலக்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லையில் தோண்டியெடுத்த முதுமக்கள் தாழியின் எலும்புகளை ஆய்வுக்காரர்கள் அங்கேதான் வைத்திருந்தார்கள். ஒரு பெண். மண்டையில் பிளவு. இரண்டு மணிக்கட்டுகளும் சேர்த்துக் கட்டியதுபோல ஒட்டிக் கிடந்தன.

சிறுவயதில் குடித்த தண்ணீரின் தாது, பல்லின் மேற்பூச்சில் சாகும்வரை தங்கிவிடும். அவன்தான் அவள் கடைவாய்ப்பல்லைத் துளைத்துப் பொடி எடுத்து அனுப்பியவன். இந்த ஊர்த் தண்ணீரின் தாது ஏறிய, கொல்லையில் பொறுக்கிய நத்தை ஓட்டோடு ஒப்பிட்டு, அன்று காலைதான் முடிவு வந்திருந்தது: அவள் இந்த மண்ணின் தண்ணீரில் வளர்ந்தவள் அல்ல. தொலைதூரத்திலிருந்து கொண்டுவரப்பட்டவள்.

கொல்லைக்காரர் ராஜாமணி வாசலில் வந்து நின்றார்.

"இன்னா சார், எங்க ஆத்தாதானே? கோயிலு கட்ட செங்கல்லு எறக்கிட்டேன். வேற ஊருக்காரின்னு சொல்லிக்கினு நிக்காதீங்க. அப்புறம் குழிய மூடிட்டு மல்லாட்டை வெதைச்சிடுவேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் செய்யக்கூடியவர். குழியை மூடினால் தேவநாதனின் ஆராய்ச்சியும் அதோடு மூடிவிடும்.

"உங்க ஊருதாங்க. இங்கியே பொறந்து வளந்தவ."

ராஜாமணி கும்பிட்டுவிட்டுப் போனார்.

வெயில் அப்படியே இருந்தது. அறைக்குள் மட்டும் ஈரமண் வாடை எழுந்தது.

பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம்.

"எம் ஊர எடுத்துட்டியே..." காதோரம் ஒரு பெண்ணின் மூச்சு.

அவன் வாய்க்குள் தண்ணீர் ஊறியது. இரும்பும் உப்பும் கலந்த, அவன் குடித்தறியாத தண்ணீர். பையைக்கூட எடுக்காமல் ஓடினான்.

திண்டிவனம் வந்து சேர்ந்ததும், முதலில் நின்ற பேருந்தில் ஏறினான்.

"எங்க சார் போவணும்?" என்றார் நடத்துநர்.

"வீட்டுக்கு."

"ஊரு பேரச் சொல்லு சார், பேஜாரு பண்ணாத. விழுப்புரமா? முகையூரா?"

எல்லாமே கேட்டறியாத பெயர்களாக இருந்தன. மனைவியைக் கைபேசியில் அழைத்தான்.

"அருணா, நம்ம ஊரு பேரு இன்னா? ஜல்தி சொல்லு!"

மறுமுனையில் அருணாவின் குரல்தான்.

"யாருங்க நீங்க? எந்த ஊரு உங்களுக்கு?"

தொண்டையில் எதுவோ கட்டியாக உருண்டு வந்தது. உள்ளங்கையில் துப்பினான்.

பழுப்பேறிய கடைவாய்ப்பல். நடுவில் துளை. அவன் போட்ட துளை.

நாக்கால் தன் வாயைத் துழாவினான்.

அவன் பற்கள் ஒன்றும் குறையவில்லை.