துளியில் நேராக நின்றது

தண்ணீர்த் துளிக்குள் எல்லாமே தலைகீழாகத்தான் தெரிய வேண்டும். இயற்பியல் டீச்சரான அவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கேமராத் திரையில் பெரிதாக்கிய துளியில் கட்டில், நீலக் கட்டம் போட்ட போர்வை, அதில் ரிப்பன் பின்னலோடு தூங்கும் மகள் எல்லாம் ஒழுங்காகக் கவிழ்ந்திருந்தன. ஓர் உருவம் மட்டும் நேராக நின்றது.

வெளியே நல்ல வெயில். ஆனால் சொட்டும் துளியைப் படமெடுக்கும் இந்தப் பாழாய்ப்போன பொழுதுபோக்குக்கு இருட்டு வேண்டுமே என்று திரைச்சீலைகளை இழுத்து மூடி, காற்று பட்டால் துளி விலகும் என்று மின்விசிறியையும் நிறுத்தியிருந்தாள். தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டிருந்த பழைய குளுக்கோஸ் பாட்டிலின் குழாயிலிருந்து டொக் டொக்கென்று தட்டில் சொட்டுகள் விழ, மகளின் ஜுர வியர்வை வாடை புழுக்கத்தோடு மூக்கில் ஏறியது. பின்னணிக்கு நீலம் எடுப்பாக இருக்குமென்று ப்ளாஷைக் கட்டில் பக்கம் திருப்பியதும் அவள்தான். கண் பிடிப்பதற்குள் அணைந்துவிடும் வெளிச்சம் அது.

கணவனுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, நீங்க ரூமுக்குள்ள வந்தீங்களா?"

"நான் இன்னும் மருந்துக்கடையிலதான் நிக்கிறேன். ஏன், குட்டி முழிச்சுட்டாளா?"

"இல்ல... சீக்கிரம் வாங்க."

"டீச்சரம்மா, தண்ணியப் படம் புடிச்சுப் புடிச்சு உங்களுக்கு மண்டை குழம்பிடுச்சு," என்று சிரித்துவிட்டு வைத்தான்.

எரிச்சலாக வந்தது. பயந்தால் அவளுக்கு எரிச்சல்தான் வரும். லென்ஸில் அழுக்காக இருக்கும். துடைத்துவிட்டு இன்னொரு படம் எடுத்தாள்.

உருவம் நீண்டிருந்தது. அதன் தலை போர்வைக்குக் கிட்டே வந்திருந்தது.

இன்னொன்று.

இப்போது அதன் முடி தெரிந்தது. நீள முடி. மொத்தமும் மேல்நோக்கி எழும்பி, மகளின் முகத்தை நோக்கி நின்றது.

கவிழ்ந்து தெரிவதெல்லாம் அறையில் நேராக இருக்கிறது. அப்படியானால் நேராகத் தெரியும் இது கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்குகிறது.

லைட் சுவிட்ச் கட்டிலுக்கு அந்தப் பக்கம். அங்கே போக அதன் கீழேதான் நடக்க வேண்டும்.

"அம்மா," மகள் தூக்கக் கலக்கத்தில் சிணுங்கினாள். "தள்ளிப் போம்மா. உன் முடி மூஞ்சில குத்துது."

பாய்ந்தாள். முழங்கால் கட்டிலில் இடித்தது. கைகள் துழாவின. போர்வை. தலையணை. இன்னும் சூடு.

குழந்தை இல்லை.

"குட்டி! எங்கடி இருக்க?"

"இங்கதாம்மா."

குரல் மேலே, மின்விசிறிக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

அண்ணாந்தாள். ரிப்பன் கட்டிய சின்னப் பின்னல் ஒன்று இருட்டிலிருந்து தொங்கி வந்து அவள் கன்னத்தைத் தொட்டது.