வளர்மதிக்கு அடுத்த ஊசி

வளர்மதிக்கென்று நிரப்பி வைத்த ஊசி காலியாகக் கிடந்தது.

டாக்டர் லீலாவதி அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முந்தாநாள் காலையில் டூட்டிக்கு வந்தவள். அவளை மாற்றிவிட வேண்டிய புண்ணியவான் நேற்றிலிருந்து போனில் "பஸ் ஏறிட்டேன்" என்கிறான். உத்திரமேரூர்ப் பக்கத்து அந்தச் சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் வேறு டாக்டரும் கிடையாது. மத்தியான வெயிலில் தகரக் கூரை டக் டக்கென்று சத்தமிட, டெட்டால் வாடையோடு யாரோ தின்ற புளிச்சோற்று வாடையும் மூக்கில் ஏற, மின்விசிறி சுற்றுக்கொரு தரம் கிறீச்சிட, கண்ணுக்குள் மணலைப் போட்டாற்போல் எரிந்தது. எங்கேயாவது படுத்தால் போதும் என்றிருந்தது. நிரப்பவே மறந்திருப்போம், பாழாய்ப்போன தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

மானாம்பதிக்காரி வளர்மதிக்குப் பிரசவத்தோடு வலிப்பு. இந்த மருந்துதான் அதை அடக்கும். அளவு மிஞ்சினால் முதலில் முட்டித் துடிப்பை அடக்கி, பிறகு இதுவே மூச்சையும் நிறுத்திவிடும்.

புதிதாக ஊசியை நிரப்பிக்கொண்டு வார்டுக்குப் போனாள். கட்டிலருகே மாமியார் எல்லம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாம்மா, மறுபடியுமா? இப்பத்தானே போட்டுக்கினு போன."

"யாரு, நர்ஸ் செவ்வந்தியா?"

"நீதாம்மா. கூப்டேன், திரும்பிக்கூட பாக்கல. அதுக்கு முன்ன ஒரு தபா வந்தப்பவும் அப்டித்தான்."

டூட்டி அறை நாற்காலியை விட்டு லீலாவதி அதுவரை எழவேயில்லை. எழுந்தாளா?

வளர்மதியின் முட்டியில் தட்டினாள். கால் துடிக்கவில்லை. மறுபடி தட்டினாள். இல்லை. மார்பு ஒருமுறை ஏறி இறங்கி, வெகுநேரம் கழித்தே மறுபடி ஏறியது. முறிமருந்து வேண்டும். உடனே.

"நர்சம்மா!" எல்லம்மாள் அலறினாள்.

செவ்வந்தி ஓடி வந்தாள். கட்டிலைப் பார்த்தாள். எதிரே நின்ற லீலாவதியைப் பார்க்கவேயில்லை. திரும்பி டூட்டி அறைக்கு ஓடினாள்.

"மேடம்! எழுந்திருங்க மேடம்! வளர்மதிக்கு மூச்சு நிக்கப்போவுது!"

கட்டிலருகிலிருந்தே தெரிந்தது, திறந்த கதவு. நாற்காலி. அதில் வாய் பிளந்து தூங்குகிறவள் லீலாவதி. செவ்வந்தி தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை ஆடியது. கண் திறக்கவில்லை.

எழுந்திரு. எழுந்து தொலை.

கட்டிலருகே நின்ற லீலாவதி கத்தினாள். சத்தம் வரவில்லை.

"போடு தாயி, எப்டியாச்சும் காப்பாத்து" என்று எல்லம்மாள் மருமகளின் புடவையை விலக்கிப் பிடித்தாள்.

லீலாவதி குனிந்து பார்த்தாள். ஊசி ஏற்கெனவே உள்ளே இறங்கியிருந்தது. அவளுடைய கட்டைவிரல் மெல்ல, பதறாமல், அதே மருந்தைத் தள்ளிக்கொண்டிருந்தது.