கவியைத் தீர்த்துவிடு

டிரிங்... டிரிங்...

மாதேஸ்வரன் ரிசீவரைப் பாய்ந்து எடுத்தார்.

"கவி முடிஞ்சுதுங்க." மறுமுனையில் அவருடைய ஆள் சின்னக்கண்ணு.

மாதேஸ்வரனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை! அவர் நிற்கும் 2001 உள்ளாட்சித் தேர்தலுக்கு ஐந்தே நாள். கோயில் நிலத்தை அவர் வளைத்துப் போட்ட கதையை 'வளப்பூர் நாட்டு வரலாறு' என்று எழுதி வைத்திருந்த கவியரசன்... ஊருக்குக் கவி, இவருக்கு முன்னாள் மாமனார்... ஒழிந்தார்!

ஆளுயர ரோஜா மாலையோடு ஜீப்பில் பறந்தார். மலைமேல் வளப்பூரில் கவியரசன் வீட்டு வாசலில் குதித்துக் கண்ணைக் கசக்கினார்.

"மாமா... உங்களை வெட்டிப் போட்டுட்டாங்களே!"

கதவு திறந்தது.

"வாங்க மாப்பிள்ளை. சுளை சாப்பிடறீங்களா?"

கவியரசன்! கையில் பலாச்சுளை!

அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து சப்-இன்ஸ்பெக்டர் அனுராதா எட்டிப்பார்த்தார்.

"வெட்டுனாங்கன்னு உங்களுக்கு ஆருங்க சொன்னது?"

மாதேஸ்வரன் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார்.

நடந்தது இதுதான். முந்தாநாள் பஸ்ஸில் சின்னக்கண்ணுவுக்கு ஒரு சீட்டு வந்தது. அவனுக்கு எழுத்து வாசனை கிடையாது. மலையில் யாருக்குக் கடிதம் வந்தாலும் கவியிடம்தான் ஓடுவார்கள். அவனும் ஓடினான்!

'கவியைத் தீர்த்துவிடு.' மாப்பிள்ளையின் அதே கோழிக் கிறுக்கல்.

கவியரசன் சீட்டை இரண்டு முறை படித்தார். அந்த வாரம்தான் ஐஸ்லாந்துக் கவிஞர் ஸ்நோரியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். அவரும் வரலாறு எழுதியவர். நார்வே ராஜாவின் பகையால், 1241-ல், முன்னாள் மருமகனே ஆள் கூட்டி வந்து நிலவறையில் வெட்டிச் சாய்த்தான். முன்கூட்டியே எச்சரிக்கைக் கடிதம் வந்தும் அந்த ரகசிய எழுத்தை மனுஷனால் படிக்க முடியவில்லை!

'நான் படிச்சுட்டேனே!' என்று துள்ளியது மனசு.

"கவின்னா இலக்கியத்துல குரங்கு, கண்ணு. உன்ற பலாத்தோப்பை அழிக்குதே, அதைத்தான் சொல்றாரு," என்றார். சீட்டை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்குப் போனார்.

சின்னக்கண்ணு அரிவாளோடு தோப்பைச் சுற்றினான். குரங்கு பல்லைக் காட்டியது. வெட்கம் தாங்காமல் முடித்துவிட்டதாகப் போனில் புளுகினான்!

அனுராதா கைவிலங்கு மாட்டியதும் மாதேஸ்வரனின் கையிலிருந்து மாலை நழுவியது. கூரையிலிருந்து தொப்பென்று குதித்த குரங்கு அதை அள்ளிக்கொண்டு மரமேறியது.

கவியரசன் சுளையை வாயில் போட்டுக்கொண்டார்.

"விடுங்க மாப்பிள்ளை. கவிக்கு வாங்குன மாலை கவிகிட்டத்தானே போகுது!"