பூட்டிய பானட்டுக்குள் குறைந்த ஆயில்

வீட்டில் அவனுக்குப் பெயர் பதட்டம். வயது இருபத்து நான்கு. இருப்பது கடல் தாண்டி ஒரு கார் பட்டறையில்; வண்டி கழுவும் வேலை. சாப்பாட்டு நேரத்தில் அம்மாவிடமிருந்து போன் வந்தால் போதும், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவான். இன்று ஸ்பீக்கரில் அம்மா அலறினாள்.

"உங்கப்பா மாப்பிள்ளையைத் திருடன்னு சொல்லிட்டாருடா. பிரேக் ஆயிலை எடுத்துடறாராம்!"

ஞாயிறுதோறும் அப்பாவின் வண்டியை வாங்கிப் போகிறவர் அக்காவின் கணவர் ஒருவர்தான். பிரேக்கின் சிவப்பு விளக்கு எரிந்தது, அப்பா ஆயில் ஊற்றினார், அணைந்தது. சில வாரத்தில் மறுபடி எரிந்தது. மறுபடி ஊற்றிவிட்டு, பானட் மூடியின் ஓரத்தில் காகிதம் ஒட்டிக் கையெழுத்தும் போட்டார். இன்று காலை மறுபடி விளக்கு எரிகிறது. காகிதம் கிழியவே இல்லை; அதற்கும் மாப்பிள்ளை ஏதோ வழி கண்டுபிடித்துவிட்டார் என்கிறார் அப்பா.

"நாலு மணிக்கு உங்கக்காவும் கைக்குழந்தையும் அதே வண்டியில மலை இறங்கணும். மாப்பிள்ளைக்குச் சாவி கிடையாதாம். இவரே ஓட்டுவாராம்."

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். பட்டறையில் பிரேக் வேலை முழுக்க அவள் பொறுப்பு. எல்லோருக்கும் அவள் பிரேக்கக்கா.

"வண்டி நிக்கிற தரையில கறை ஏதாவது இருக்காம்மா?"

"பேப்பர் விரிச்சு வச்சிருக்காரு. ஒரு சொட்டு இல்ல."

"யாரோ டியூப் விட்டு உறிஞ்சறான்க்கா!" என்றான் பதட்டம்.

"பானட்டைத் திறக்காம உறிஞ்ச அவன் என்ன கொசுவா? சும்மா இரு தம்பி. அம்மா, பிரேக் போட்டா சத்தம் வருதா?"

"எங்கே கேக்குது? ஒரு மாசமா பாட்டை அலற விடறாரே."

"ஏன் ஒரு மாசமா?"

அம்மாவின் குரல் தணிந்தது. "கீச்சு கீச்சுன்னு வந்துது. எனக்குப் பயமா இருக்குன்னேன். நான் பயப்படக் கூடாதுன்னு பாட்டைக் கூட்டிட்டாரு."

பிரேக்கக்கா சிரித்தாள். "எல்லாரையும் வண்டிகிட்ட வரச் சொல்லுங்க. திருடனைக் காட்டறேன்."

வீடியோவில் எல்லோரும் வந்து நின்றார்கள். மாப்பிள்ளையின் முகம் தொங்கிப்போயிருந்தது.

"ஆயில் வண்டியை விட்டு எங்கயும் போகலப்பா. சக்கரத்தைப் பிடிச்சு நிறுத்தற பிரேக் பேட் தேயத் தேய, அதை அழுத்தற பிஸ்டன் முன்னாடி வந்துடும். பின்னாடி காலியாகிற இடத்துக்கு பானட்டுக்குள்ள இருக்கிற ஆயில் டப்பாவுலேர்ந்து ஆயில் இறங்கும். அதான் விளக்கு எரிஞ்சுது. கீச்சுச் சத்தமும் அதையேதான் சொல்லிச்சு. விளக்கோட வாயில ஆயிலை ஊத்துனீங்க, சத்தத்தோட வாயைப் பாட்டால பொத்துனீங்க."

"சாட்சி?" என்றார் அப்பா, விடாமல்.

"மெக்கானிக்கை வரச் சொல்லிப் புதுப் பேட் போடுங்க. அப்போ டப்பாவைத் திறந்து பாத்துட்டே இருங்க. திருட்டுப் போனது தானா திரும்பி வரும்."

தெருமுனை மெக்கானிக் வந்து முன்சக்கரத்தைக் கழற்றினார். பேட் நகக் கனம்கூட இல்லை. "இதோடயா மலை இறங்கப் பாத்தீங்க?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு பிஸ்டனை உள்ளே தள்ளினார். டப்பாவில் ஆயில் மெல்ல ஏறியது. இன்னொரு சக்கரத்திலும் தள்ளியபோது, அப்பா ஊற்றியதும் சேர்ந்து விளிம்பு தாண்டி வழிந்தது. ஓடிவந்து துணி பிடித்தவர் மாப்பிள்ளைதான்.

அப்பா பானட்டின் ஓரத்துக்குப் போனார். தான் கையெழுத்துப் போட்ட காகிதத்தைச் சுரண்டி எடுத்துச் சட்டைப்பையில் ஒளித்தார்.

மூன்றரைக்குப் புதுப் பேடோடு வண்டி ஜாக்கியிலிருந்து இறங்கியது. ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த அப்பா, சாவியை மாப்பிள்ளையின் கையில் வைத்தார்.

"நீங்களே ஓட்டுங்க மாப்பிள்ளை. பாட்டு மட்டும் வேணாம்."

இதை வாசிக்கிறவர்களிடம் பதட்டம் கேட்பது ஒன்றுதான்: பிரேக் கீச்சிட்டாலோ, ஆயில் காரணமில்லாமல் குறைந்தாலோ, ஊற்றிவிட்டுக் கிளம்பாதீர்கள். முதலில் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.