மூன்றாம் நம்பர் பிரஸ்

காவலாளி ஆலையின் பூட்டைத் திறந்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார்.

"நீங்க வரலையாண்ணே?" என்றான் தம்பி.

"நான் உள்ள கால் வெச்சு முப்பது வருஷமாச்சு. நீங்க போயிட்டு வாங்க."

காவலாளியே நுழையாத ஆலையில் திருடன் எங்கே நுழையப்போகிறான் என்று தம்பி சிரித்தான். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. இசைக்குழுவில் எல்லோரும் அவளைக் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். அடுத்த அறையில் குண்டூசி விழுந்தாலும் எந்த மூலையில் விழுந்தது என்று சொல்லிவிடுவாள். ஒலிப்பதிவு அவள் பொறுப்பு, பாட்டு தம்பி பொறுப்பு. கிட்டாரையும் இயந்திர இரைச்சலையும் ஒன்றாகப் போட்டு அரைக்கிற இண்டஸ்ட்ரியல் ராக். இதுவரை போட்ட இரண்டு ஆல்பங்களையும் சொந்தக்காரர்கள்கூட முழுசாகக் கேட்டதில்லை.

"நம்ம சத்தம் பொய்யா இருக்குக்கா. நிஜ இரும்பு வேணும்" என்று தம்பிதான் அவளை இங்கே இழுத்து வந்தான்.

உச்சி வெயில் கூரை ஓட்டைகள் வழியாக ஊசி ஊசியாக இறங்கியது. ஆனாலும் உள்ளே குளிர்ந்தது. பழைய எண்ணெயின் கசந்த வாடை. தகடு அடிக்கும் பிரஸ்கள் ஆள் உயரத்துக்கு வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் மேலே கனத்த இரும்புத் தலை, காலடியில் மிதி. மிதித்தால் தலை இறங்கி, கீழே கிடக்கும் தகட்டை நசுக்கும். மின்சாரத்தை வெட்டியே பல காலமாகிவிட்டதால் தம்பி சுத்தியலால் அவற்றின் உடம்பில் அடித்தான். அவள் ஹெட்போனை மாட்டிப் பதிவு செய்தாள்.

மூன்றாம் நம்பர் பிரஸ்ஸை அடித்தபோது அதிர்வு நெடுநேரம் அடங்கவில்லை. அடங்கும் இடத்தில் ஒரு குரல்.

"கையை வை. நான் பாத்துக்கறேன்."

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். தம்பி வாயில் ஆணியைக் கடித்துக்கொண்டு மைக்கை இறுக்கிக்கொண்டிருந்தான். காவலாளி தூரத்தில், வாசலுக்கு வெளியே, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

ஸ்டுடியோவில் அந்தத் துண்டை வெட்டி எறிந்தாள். மறுநாள் டிரம்ஸ் பதிவில் அதே குரல் இருந்தது. அங்கேயும் அழித்தாள்.

கிட்டார் பதிவுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

"விடுக்கா. இதை வெச்சே பாட்டைக் கட்டலாம்."

"யார் குரல்னே தெரியாதுடா. எனக்குப் பயமா இருக்கு."

"உனக்கு எறும்பு நடந்தாலும் பயமாத்தான் இருக்கும்."

ஆல்பம் வெளியானது. தம்பி நினைத்ததற்கும் மேலே போனது. 'துருவின் நாக்கில் பிறந்த இசை' என்று ஒரு விமர்சகர் எழுதினார். பேருந்திலும் டீக்கடையிலும் பையன்கள் அந்த ஒரு வரியைத்தான் முணுமுணுத்தார்கள். கச்சேரிகளில் கூட்டம் கையை உயர்த்தி அதைக் கோஷமாகவே போட்டது. தம்பி மூன்றாம் நம்பர் பிரஸ்ஸையே பழைய இரும்புக்கு வாங்கி மேடையில் ஏற்றிவிட்டான்.

பெரிய மைதானக் கச்சேரி அன்று மாலை. அவள் கிளம்பும் நேரத்தில் காவலாளி ஸ்டுடியோ வாசலில் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"பஸ்ல ஒரு பையன் போன்ல கேட்டேம்மா. அது என் குரல்."

"அன்னைக்கு நீங்க உள்ளயே வரலையே."

"இப்பத்திய குரல் இல்ல. முப்பது வருஷத்துக்கு முந்தினது." அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அப்ப நான் மூணாம் நம்பர் பிரஸ்ல வேலை பாத்தேன். ஒரு நாள் தகடு சிக்கிக்கிச்சு. கூட வேலை பாத்த பையன் கையை உள்ள விடப் பயந்தான். நான்தான் தைரியம் சொன்னேன். அவன் கையை வெச்சான். என் கால் மிதியில இருந்துச்சு."

அவள் ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"ஆஸ்பத்திரி போறதுக்குள்ள போயிட்டான். நான் சொல்லித்தான் கையை வெச்சான்னு யார்கிட்டயும் சொல்லல. அவனே அவசரப்பட்டான்னு எழுதிக் கொடுத்துட்டேன். நான் சொன்னது அவனுக்கும் எனக்கும் மட்டும்தாம்மா தெரியும்."

அவள் தம்பிக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. விழுந்தடித்து ஓடினாள்.

மைதானத்துக்குள் நுழையும்போதே கோஷம் காதைப் பிளந்தது. கையை வை. கையை வை. மேடையில் தம்பி பாடுவதை நிறுத்திவிட்டிருந்தான். தூக்கத்தில் நடப்பவன்போல் பிரஸ்ஸின் முன்னால் போய் நின்றான். துருவேறி மேலேயே இறுகிப்போயிருந்த இரும்புத் தலைக்கு அடியில் வலது கையை நீட்டினான்.

மிதிக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

அவள் அலறிக்கொண்டே மேடையேறி அவன் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தாள்.

மிதி தாழ்ந்தது.

மெதுவாக, ஒரு காலின் கனத்துக்குத் தாழ்வதுபோல.

இரும்புத் தலை இறங்கியது. முழுக்கையும் போகவில்லை. இரண்டு விரல்கள் போயின. கூட்டம் அதையும் நிகழ்ச்சி என்று நினைத்துக் கைதட்டியது.

மயக்கம் தெளிந்ததும் தம்பி ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "நீதானேக்கா கையை வைக்கச் சொன்ன? என் காதுக்குள்ள உன் குரல்தான் கேட்டுச்சு."

அவள் ஆல்பத்தை எல்லா இடத்திலிருந்தும் எடுக்கச் செய்தாள். ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள். காவலாளி, செத்தவனின் தங்கையைத் தேடிப்போய் உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்தார் என்று கேள்விப்பட்டாள். இதோடு விட்டது என்றிருந்தது.

வாரக் கடைசியில், பட்டப்பகலில், மைதானக் கச்சேரியின் பதிவை அழிக்க உட்கார்ந்தாள். அழிக்குமுன் ஒருதரம் கேட்டாள். கோஷம். அவளுடைய அலறல். மிதி தாழும் கிரீச். பிறகு, மைக்கில் வாய் வைத்துப் பேசுவதுபோல் ஒரு இளம் குரல். இதுவரை எந்தப் பதிவிலும் வராத குரல்.

"நான் வெச்சுட்டேண்ணே. இப்ப நீங்க வைங்க."

காவலாளிக்குப் போன் போட்டாள். உடனே எடுத்தார்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"உள்ளதாம்மா இருக்கேன்" என்றார். பயமே இல்லாத குரல். "கூப்பிட்டான், வந்துட்டேன்."

அவருக்குப் பின்னால், மின்சாரம் இல்லாத அந்த ஆலையில், பிரஸ்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன.