புத்தகத்தில் இல்லாத நகர்வு

சதுரங்க நிலைகளின் கிடங்கில் ஒரு நிலை கூடியிருந்தது. அலசலை நிறுத்தி வெகுநேரமாகிவிட்டது, கணினியின் விசிறிகூட ஓய்ந்துவிட்டது, ஆனாலும் எண்ணிக்கையில் ஒன்று ஏறியிருந்தது.

அவன் உருவாக்கிக்கொண்டிருந்தது ஒரு செஸ் என்ஜின், தானாகச் சதுரங்கம் ஆடும் நிரல். ஆட்டத்தின் தொடக்கத்தில் அது யோசித்து நேரத்தை வீணாக்கக் கூடாது. முன்பே அலசி வைத்த நிலைகளைப் பார்த்துப் பட்டென்று பதில் நகர்வு ஆட வேண்டும். அந்தக் கிடங்குக்குப் பெயர் ஓப்பனிங் புக். தான் தோற்ற ஆட்டங்களையெல்லாம் ஊட்டி அதைக் கொழுக்க வைத்துக்கொண்டிருந்தான். வேலை ஆமை வேகத்தில் நகர்ந்ததில் பொறுமையிழந்து, காலையில் ஒரு காரியம் செய்திருந்தான். உள்ளே வருகிற நிலை சதுரங்கத்தில் சாத்தியம்தானா என்று பார்க்கும் சோதனையை அணைத்துவிட்டான். வாசல் காவலாளியை லீவில் அனுப்பிய மாதிரிதான். வேகம் என்னவோ கூடியது.

புது நிலையைத் திறந்தான். பலகையில் மூன்றே காய்கள். இரண்டு, வெள்ளை ராஜாக்கள். மூன்றாவதற்கு, என்ன காய் என்று காட்டும் எழுத்து எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கட்டம் காலியும் இல்லை.

குப்பை என்று அழித்தான். மறுபடி வந்தது. அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தான். ஜன்னலுக்கு வெளியே மழை வலுத்து, சாயங்காலமே இருட்டிக்கொண்டு வந்தது. படுக்கையறையில் மனைவி காய்ச்சலில் அனத்திக்கொண்டிருந்தாள். மருந்தும் போர்வையும் கலந்த புழுக்க வாசனை கூடம் வரை வந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்க்கப் போனவன், எழுப்ப வேண்டாமென்று பாதியில் திரும்பினான்.

திரையில் மேலும் சில நிலைகள். ஒரு ராஜா மூலையை விட்டு அசையவில்லை. மற்றது சில கட்டங்கள் தள்ளிப் போய், மூலையை நோக்கிக் கொஞ்சம் வந்து, பழைய இடத்துக்கே திரும்பியிருந்தது. சமையலறை. பாதி வழி. நாற்காலி. பெயரில்லாத காய் மட்டும் ஒவ்வொரு நிலையிலும் மூலைக்கு ஒரு கட்டம் நெருங்கியிருந்தது.

மூலையில் இருப்பது அவள்.

"ஏங்க, அங்க என்னத்தப் போட்டு இழுக்கறீங்க?" என்றாள் அவள் உள்ளிருந்து.

"ஒண்ணுமில்லம்மா. நீ படு."

அவன் எதையும் இழுக்கவில்லை. ஆனால் இப்போது அவனுக்கும் கேட்டது. தரையோடு தரையாக, கனமாக, நின்று நின்று.

அவன் இன்னும் செய்யாதவையும் கிளை கிளையாக வந்துகொண்டிருந்தன. அவளிடம் ஓடினால் அதற்கொரு பதில். அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினால் அதற்கும் ஒன்று. அசையாமல் உட்கார்ந்தாலும் ஒன்று. எல்லாக் கிளைகளின் முடிவிலும் மூலையில் ராஜா இல்லை.

ஆட்டக்காரப் புத்தி ஒன்றைச் சொன்னது. தயாராக வந்தவனைத் திணறடிக்க, புத்தகத்திலேயே இல்லாத அசட்டு நகர்வு ஒன்றை ஆட வேண்டும். பெண்டாட்டிக்கு ஆபத்து என்றால் எந்தப் புருஷனும் செய்யாதது எது?

எழுந்தான். படுக்கையறைக் கதவைச் சாத்தினான். வெளியிலிருந்து பூட்டினான். சாவியை ஜன்னல் வழியே மழைக்குள் எறிந்தான்.

இழுபடும் சத்தம் நின்றது.

ஓடி வந்து திரையைப் பார்த்தான். எண்ணிக்கை ஏறவில்லை. இந்த நகர்வுக்குப் பதில் வரவில்லை. நிம்மதியில் சிரித்தேவிட்டான்.

பிறகுதான் உறைத்தது. ஏற்கெனவே இருக்கும் நிலையைக் கிடங்கு மறுபடி சேர்த்துக்கொள்ளாது.

தேடினான். இருந்தது. காலையில், சோதனையை அணைத்த கையோடு வந்த முதல் நிலை. ஒரு ராஜா வெளியே. ஒன்று மூலையில். மூலைக்குப் பக்கத்துக் கட்டத்தில் அது.

கதவில் மோதினான். தோளால். மறுபடி. அசையவில்லை. அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான்.

உள்ளே கட்டில் முனகியது. தூக்கக் கலக்கத்தில், பக்கத்தில் படுத்திருப்பவரிடம் பேசுவது போல் அவள் மெதுவாகச் சொன்னாள்.

"பயமா இருக்குங்க. வெளியில யாரோ கதவ உடைக்கறாங்க. இன்னும் கிட்ட வாங்க."