தாலாட்டில் நின்ற நான்கு வினாடி

டிசம்பர் முதல் தேதி காலை ஆறு மணிக்கு அமலோற்பவத்தை எழுப்பியது அவளுடைய முப்பது வயதுக் குரல். சுவர் ஒலிப்பெட்டியிலிருந்து அது அவள் பெயர் சொல்லிப் பாடியது. பக்கத்து வீட்டிலும் அதே குரல்; அங்கே தெக்லாவின் பெயர். திருவிழா மேடைகளில் நாட்டுப்புறப் பாட்டு பாடிவந்த அமலோற்பவம் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் பதிவுசெய்த 'தொழுவத்துத் தாலாட்டு' பாடல் தொகுப்பு ஒலிக்காமல் கடலோர ஊரான பெரியதாழையில் கிறிஸ்துமஸ் தொடங்குவதில்லை.

இப்போது எல்லாப் பாட்டும் தழுவிசைதான். கேட்பவரின் நாடித்துடிப்பை அறிந்து, சோர்ந்தவருக்குத் துள்ளலாகவும் பதறியவருக்கு மெதுவாகவும் தன்னை மாற்றிக்கொள்ளும். மாறாத பதிவுகளை ஒலிபரப்ப மனநலச் சட்டம் விடுவதில்லை. மாற்றுவதற்குப் பாடியவரின் ஒப்புதலைப் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

அதற்காக வந்திருந்தார் ஒலிபரப்பு நிறுவனத்தின் நந்தகோபன்.

"கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால, நான் பாடுனத அப்படியே ஒருதடவ கேக்கணும் தம்பி. நாலாவது பாட்டு."

அவர் காப்பகத்திலிருந்து மூலப் பதிவை எடுத்து ஒலிக்கவிட்டார். மாதா பாலனைத் தாலாட்டும் பாட்டு. நடுவில் குரல் நின்றது. ஆர்மோனியம் மட்டும் தடுமாறிக்கொண்டு போனது. நான்கு வினாடி கழித்துக் குரல் சற்றுத் தாழ்ந்து திரும்பியது.

"இந்த எடத்துல கேக்குறவங்க மனசு கனத்துப்போகுதுன்னு இயந்திரம் நிரப்பிடுச்சும்மா. பதிவுல ஏதும் கோளாறா?"

"பதிவுக்கு ஒம்போது நாளைக்கு முன்னால என் வயித்துல இருந்தது போயிருச்சு. மூணு மாசம். எங்க வீட்டுக்காரர்ட்டகூடச் சொல்லல. 'கண்ணே'ன்னு பாட வந்தேன், வரல." அவள் ஒப்புதல் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "அந்த நாலு வினாடிய மட்டும் அப்படியே விட்ருங்க. மத்ததுல என்னமும் செஞ்சுக்கிடுங்க."

நந்தகோபன் படிவத்தை மடித்து வைத்தார். "முழுசா மாத்தணும், இல்லன்னா முழுசா நிறுத்தணும். சட்டம் அப்படிம்மா."

அவள் கையெழுத்திடவில்லை. பதினைந்தாம் தேதி பழைய ஒப்புதல் முடிந்தது; தாலாட்டு நின்று வீடுகள் ஊமையாயின.

"ஒரு கையெழுத்துக்காக ஊருக்கே கிறிஸ்மஸ் இல்லாமப் பண்ணிட்டிய மதினி" என்ற தெக்லா, அதன்பின் முகம் கொடுத்துப் பேசவில்லை. தான் செய்தது சரிதானா என்று அமலோற்பவத்துக்கே தெரியவில்லை. இரண்டு முறை நந்தகோபனைக் கூப்பிடப் போய், விட்டுவிட்டாள்.

கிறிஸ்துமஸ் காலைப் பூசையில் நற்கருணைக்குப் பிறகு, யாரும் அழைக்காமலே எழுந்து பாடினாள். கரகரத்த, அறுபத்தைந்து வயதுக் குரல். இம்முறை நிற்காமல் பாடிவிட வேண்டும் என்று நினைத்திருந்தாள். 'கண்ணே' என்ற சொல் வந்ததும் குரல் நின்றது. பாட்டு நடுவில் நிற்பதை அங்கே பலர் கேட்டதே இல்லை. சிலர் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தார்கள். மெல்ல மூச்செடுத்துப் பாடி முடித்தாள்.

பூசை முடிந்து கடற்கரை மணலில் நடக்கும்போது தெக்லா வந்து சேர்ந்துகொண்டாள்.

"நீங்க எதுக்கு நின்னியன்னு எனக்குத் தெரியும் மதினி. எனக்கும் வயித்துல ஒண்ணு இருந்து போயிருச்சு. ஏழு மாசம். பொம்பளப்புள்ள."

அமலோற்பவம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பேரு வச்சிருந்தியளா?"

தெக்லா சொன்னாள். இருபத்திரண்டு ஆண்டுகளில் அந்தப் பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.